மேலே நிற்கும் அந்தச் சின்ன அறிவிப்பு

இன்று ஒரு வரலாற்றுப் பாடம். ராஜராஜன் இல்லை, பயப்படாதீர்கள். செல்போன் திரையின் மேலே "இந்தச் செயலி இயங்குகிறது" என்று நின்றுகொண்டு எரிச்சலூட்டுகிறதே, அந்த அறிவிப்பின் வரலாறு.

2008-ல் ஆண்ட்ராய்டு போன் விற்பனைக்கு வந்தபோது, பின்னணியில் ஓடச் செயலிகளுக்கு ஏறக்குறைய முழுச் சுதந்திரம். மூடிவிட்டோம் என்று நாம் நினைத்தது உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். ஐபோன் நேர் எதிர். வெளியார் செயலிகளுக்கு 2010 வரை பின்னணியே கிடையாது. ஆண்ட்ராய்டின் தாராளம் பேட்டரியைத் தின்றது. 2015-ல் ஆறாம் பதிப்பு, சும்மா கிடக்கும் போனைத் தூங்க வைத்தது. 2017-ல் எட்டாம் பதிப்பு இன்னும் கண்டிப்பு. திரையை விட்டுப் போன செயலியைச் சில நிமிடங்களில் நிறுத்திவிடும். தொடர்ந்து ஓட வேண்டுமானால் மேலே அறிவிப்பு காட்டியாக வேண்டும். சில்லறை வேலைகளுக்கு மட்டும் போனே நேரம் ஒதுக்கித் தரும். பேட்டரிக்காக வந்த விதிதான். ஆனால் நம் வீட்டுக்குள் யார் நடமாடுகிறார்கள் என்று நமக்குத் தெரிய வேண்டும் என்ற உரிமையும் அதோடு வந்துவிட்டது என்பேன்.

சென்னைத் தெருக்களில் தகரம் அடித்த 2020-ஐக் கோட்டூர்புரத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த ஏப்ரல் 2-ல் ஆரோக்கிய சேது வந்தது. அருகிலுள்ள போன்களை ப்ளூடூத் வழியாகக் குறித்துக்கொள்ள அது பின்னணியில் ஓயாமல் ஓட வேண்டும். மே 1-ல் மத்திய உள்துறை அதை ஊழியர்கள் எல்லோருக்கும் கட்டாயமாக்கியது; மே 17-ல் தளர்த்தியது. மே 26-ல் அதன் ஆண்ட்ராய்டு நிரலையே வெளியிட்டார்கள். நல்ல காரியம். சிங்கப்பூரில் மார்ச் 20-லேயே டிரேஸ்டுகெதர் வந்திருந்தது. தொற்றைத் தேட மட்டுமே என்று சொல்லப்பட்ட அந்தத் தகவலைக் குற்ற விசாரணைக்குப் போலீசும் பெறலாம் என்று 2021 ஜனவரியில் அங்குள்ள நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது.

இதை எழுதக் காரணம், செயலி எழுதும் வேலையில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன். "சார், டெலிவரி பசங்க எங்க இருக்காங்கன்னு கம்பெனிக்குத் தெரியணுமாம், மேல நோட்டிபிகேஷன் மட்டும் வரக்கூடாதாம். என்ன பண்றது?" என்று கேட்டான். வேலை நேரத்தில் பார்ப்பதில் நியாயம் இருக்கலாம். வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் பார்க்கிறார்களா என்று அந்தத் தம்பிகளுக்குத் தெரிய எளிய வழி அந்த அறிவிப்புதானே? அதை மறைக்காதே, எழுத்தில் கேட்டால் எழுத்திலேயே மறுத்துச் சொல் என்றேன். "வேலை போயிடும் சார்" என்றான். அவன் பயமும் பொய்யில்லை. மேலதிகாரிகளாக இருக்கும் என் மாணவர்கள் இதைப் படித்தால் இப்படி ஒருவனை நிறுத்தாதீர்கள்.

2022-ல் வந்த பதின்மூன்றாம் பதிப்பில் இந்த அறிவிப்பை நாமே தள்ளிவிடலாம். தள்ளினாலும் செயலி ஓடும். பல போன்களில் திரையை மேலிருந்து இருமுறை இழுத்தால், எத்தனை செயலிகள் ஓடுகின்றன என்று கீழ் ஓரத்தில் தெரியும். தட்டினால் பெயர்களும், பக்கத்திலேயே நிறுத்தும் பொத்தானும் வரும். வீட்டுப் பெரியவர்களுக்கு ஒருமுறை காட்டிக் கொடுத்துவிடுங்கள்.