தலை எண்ணாத அண்டா: டிராம்பேத் தமிழரின் கூழும் கஞ்சியும்

1976 ஜனவரி 4 அன்று பம்பாயின் குடிசைப் பகுதிகள் ஒரே நாளில் கணக்கெடுக்கப்பட்டன. ஒவ்வொரு குடிசைக்கும் எண் இடப்பட்டது. குடும்பத் தலைவருக்குப் புகைப்பட அட்டை வழங்கப்பட்டது. நெருக்கடிநிலை நடப்பிலிருந்த காலம் அது. நான்கு மாதங்கள் கழித்து, மே மாதத்தில், டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி இடித்து அகற்றப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் அருகிலிருந்த கழிமுகச் சதுப்பு நிலத்திற்குப் பெயர்க்கப்பட்டனர். அந்தச் சதுப்பே இன்றைய சீட்டா கேம்ப்.

ஜனதா காலனியும் பெயர்த்து வைக்கப்பட்ட ஊர்தான். நகரின் உட்பகுதிக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களை மாநகராட்சியே அங்குக் குடியமர்த்தியிருந்தது. அணுசக்தி நிறுவனம் 1954இல் டிராம்பேக்கு வந்தது. பின்னர் அதற்கு அந்த நிலமும் தேவைப்பட்டது. கோலார் தங்கவயலிலிருந்து 1963இல் பம்பாய்க்கு வந்து தச்சுவேலை செய்த ஜோக்கின் அற்புதம் என்னும் தமிழர், காலனியைக் காக்கப் பல ஆண்டுகள் நீதிமன்றத்திலும் தெருவிலும் போராடினார். பின்னாளில் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை வழிநடத்தி, 2000இல் மக்சேசே விருது பெற்றவர் இவரே.

சதுப்பில் இறக்கிவிடப்பட்டவர்களுள் தமிழர் கணிசமானோர். அம்மன் கோயிலைச் சேர்ந்தவர்களும் பள்ளிவாசலைச் சேர்ந்தவர்களும் அவர்களிடையே இருந்தனர். அவ்வாண்டு ஜூலை நடுவில் ஆடி பிறந்தது. ஆகஸ்ட் இறுதியில் ரமலான் தொடங்கியது. புதிய நிலத்தில் அவர்கள் கண்ட முதல் மழைக்காலத்திலேயே, தமிழரின் இரு பெரும் பொதுச் சமையல்களுக்குரிய மாதங்கள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று ஆடிக் கூழ். மற்றொன்று நோன்புக் கஞ்சி.

கூழ் வார்த்தல் சென்னை, காஞ்சிபுரம், வேலூர் முதலிய வடமாவட்டங்களில் வேரூன்றிய அம்மன் வழிபாடு. முந்தைய நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைப்பர். அண்டாவில் அரிசி நொய் வெந்து குழைந்ததும் புளித்த மாவைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கிளறுவர். இருவர் எதிரெதிரே நின்று நீண்ட துடுப்பால் அடியைச் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை ஓய்ந்தால் மாவு கட்டிதட்டும், அடிப்பிடிக்கும். ஆறிய களியை மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்தால் கூழ். முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் உடன் வரும்.

நோன்புக் கஞ்சியின் வேலை நண்பகலில் தொடங்குகிறது. எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலம் பொரிந்து, வெங்காயமும் இஞ்சி பூண்டு விழுதும் தக்காளியும் வதங்க, கொத்துக்கறி சேரும். பின்னர் நீர் வார்த்து உலை கொதித்ததும் பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம் ஆகியவை இறங்கும். ஒரு படி நொய்க்கு எட்டுப் படிக்குக் குறையாமல் நீர் வேண்டும். மல்லியும் புதினாவும் தூவி, தேங்காய்ப்பாலை இறுதியில், தணலைக் குறைத்த பிறகே ஊற்றுவர். கொதி மிகுந்தால் பால் திரிந்துவிடும். அஸர் தொழுகையை ஒட்டி வீட்டுப் பிள்ளைகள் தூக்குச்சட்டியுடன் வரிசையில் நிற்பர். மஃரிபுக்கு முன் கஞ்சி தெருவெங்கும் போய்ச் சேர்ந்திருக்கும். அதை வாங்க வருபவரை எந்தச் சமயத்தவர் என்று கேட்கும் வழக்கம் தமிழகத்துப் பள்ளிவாசல்களில் இல்லை.

இரண்டும் ஏன் சோறாக இல்லாமல் நீர்மமாக இருக்கின்றன? வறுமை ஒரு காரணம். அதுவே முழு விடை ஆகாது. பிரியாணியை நூறு பேருக்குச் சமைத்தால் நூற்றைம்பது பேருக்குப் பங்கிட இயலாது. கஞ்சிக்கோ இன்னும் இரண்டு குடம் வெந்நீர் போதும். எத்தனை பேர் வருவர் என்று முன்கூட்டி அறிய வேண்டாத சமையல் இது. வருபவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்ற முடிவை முதலில் எடுத்துவிட்டு, அதற்கேற்ற பண்டத்தைத் தமிழ்ச் சமூகம் தேர்ந்துகொண்டது போலும்.

மொழியும் இதற்குச் சான்று கூறுகிறது. சோறு ஆக்கப்படுகிறது, கஞ்சி காய்ச்சப்படுகிறது, கூழ் கிண்டப்படுகிறது. இவை அடுப்பைச் சார்ந்த வினைகள். ஆயினும் ஆடித் திருவிழாவுக்குக் ‘கூழ் கிண்டல்’ என்று பெயரில்லை; ‘கூழ் வார்த்தல்’ என்றே பெயர். வார்த்தல் என்பது ஏந்திய பாத்திரத்தில் ஊற்றும் செயல். சமைத்தவர் பெயரையோ சமைத்த முறையையோ விட்டுவிட்டு, பண்டம் கைமாறும் கணத்தையே விழாவின் பெயராக வழக்கு நிலைநிறுத்தியிருக்கிறது.

கஞ்சி என்ற சொல்லுக்கும் பம்பாய்க்கும் பழைய உறவு உண்டு. போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் கோவாவில் அச்சிட்ட மருந்துநூலில், நோயாளிக்கு மிளகும் சீரகமும் சேர்த்துத் தரும் அரிசிநீரைக் குறிக்க இச்சொல்லை எழுதியிருக்கிறார். ஐரோப்பிய அச்சில் இச்சொல்லின் மிகப் பழைய பதிவுகளுள் அது ஒன்று. போர்ச்சுகீசிய அரசிடமிருந்து பம்பாய்த் தீவைக் குத்தகைக்குப் பெற்றிருந்தவரும் இதே ஓர்த்தாதான். போர்ச்சுகீசியத்தில் இன்றும் கோழிச்சாற்றுக்குக் ‘கான்ஜா’ என்று பெயர். சொல் இவ்வாறு கடல் கடந்தது. அதைப் பிறப்பித்த மொழியினர் பல நூற்றாண்டுகள் கழித்து அதே தீவுகளுக்குக் கூலிகளாக வந்து சேர்ந்தனர்.

அவ்வருகைக்குமுன் நிகழ்ந்த இன்னொரு கஞ்சியின் கதையையும் இங்கே நினைக்க வேண்டும். 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணமெங்கும் அரசு கஞ்சி வார்த்தது. 1877இல் பஞ்ச நிவாரணத்தைக் கண்காணிக்க வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அந்த அளவு உயிரைத் தாங்காது என எதிர்த்து எழுதினார். டெம்பிள் அதே ஆண்டில் பம்பாயின் ஆளுநரானார். பசித்தவரை எண்ணி, எடைபோட்டு, தகுதி பார்த்து அளந்த கஞ்சி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் திருநெல்வேலிச் சீமையினர் தாராவியின் தோல் தொழிலுக்கு வந்து குடியேறலாயினர். 1887இல் எழுந்த தாராவிப் பெரிய பள்ளிவாசல் அக்காலத் தமிழ் முஸ்லிம்களின் நினைவைத் தாங்கி நிற்கிறது.

ஆக, பொருள் ஒன்றே, கஞ்சி இருவகை. பஞ்சக் கஞ்சி பெறுபவரைத் தனியாளாகப் பிரித்து, அவர் தகுதியை நிறுத்தது. ஊர்க் கஞ்சி பெறுபவரை ஊராரில் ஒருவராகச் சேர்க்கிறது. கணக்கெடுப்புக்கு உள்ளாகி, அட்டை பெற்று, இருந்தும் வீடிழந்த மக்களுக்கு இந்த வேறுபாடு ஏட்டுச் செய்தி அன்று. சதுப்பில் மனைகளை அளந்து கொடுத்தது அரசு. மனைகளை ஊராக்கும் வேலை அங்கு வந்தவர்களைச் சார்ந்தது.

ரமலான் ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாள் முன்னகர்வது. எனவே முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அது ஆடியோடு பெரும்பாலும் ஒன்றிவிடும். 1980இலும் 2012, 2013இலும் அவ்வாறே நிகழ்ந்தது. கூழும் கஞ்சியும் ஒரே மாதத்திற்குரியனவாயின; அண்டாவும் துடுப்பும் விறகும் இரு சாராருக்கும் ஒரே வாரங்களில் தேவைப்பட்டன.

2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது ரமலான் தொடங்கியது. தமிழகத்துப் பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்சப்படவில்லை. அரசு வழங்கிய பச்சரிசி வீடுவீடாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அரிசி வந்தது, பசி தீர்ந்தது. ஆயினும் அதை எவரும் நோன்புக் கஞ்சி என்று சொல்லவில்லை. ஒரே அடுப்பில் காய்ந்து பலர் கைக்குப் போனால்தான் அதற்கு அந்தப் பெயர்.

அரசு ஏடுகளில் சீட்டா கேம்ப் மறுகுடியமர்வுத் திட்டம் ஒன்றின் பெயர். அங்கு வாழ்வோருக்கு அது ஊர். அந்த இரண்டாம் சொல்லை ஈட்டித் தந்தவற்றுள், அடிப்பிடிக்காமல் துடுப்புப் போட்ட கைகளுக்கும் பங்குண்டு.