சந்திரசேகரின் இரண்டாம் வருகை

சுப்பிரமணியன் சந்திரசேகரை நம்மவர் என்று சொல்லிக்கொள்வதில் காவிரிப் படுகையினராகிய நமக்கு ஒரு பெருமிதம் உண்டு. அவர் பிறந்தது 1910இல், லாகூரில். முன்னோர் தஞ்சை மாவட்டத்துப் புரசக்குடி, மாங்குடிப் பகுதியில் நிலம் வைத்துப் பயிரிட்டவர்கள். வயலை விட்டு ஆங்கிலக் கல்விக்குத் திரும்பியவர் பாட்டனார் சந்திரசேகர ஐயர், சி. வி. இராமனின் தந்தை. அன்னை சீதாலட்சுமியோ இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழாக்கியவர். இலக்கிய அன்பர்கள் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி இது.

சந்திரசேகர் என்றதும் நாம் பேசுவது 1930ஆம் ஆண்டுக் கப்பற்பயணத்துக் கணக்கைத்தான். எரிபொருள் தீர்ந்து ஒடுங்கிய விண்மீனின் நிறை, சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டினால் அது தன் எடையையே தாங்காது. ஆனால் பொதுச்சார்பியலில் அவர் ஆற்றிய பணி நம்மிடையே அதிகம் பேசப்படவில்லை.

1935 ஜனவரி 11 அன்று இலண்டனில், அரச வானியல் கழகக் கூட்டத்தில், எடிங்டன் அம்முடிவை நகைப்புக்குள்ளாக்கினார். 1919 கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைச் சோதித்துக் காட்டிய அதே எடிங்டன்! அத்தகைய விண்மீன் சுருங்கிச் சுருங்கி ஒளியையும் வெளிவிடாத நிலையை எட்டும் என்பதை அவர் சரியாகவே கண்டார். கண்டபின், இயற்கை இந்த அபத்தத்தை அனுமதியாது என்று ஒதுக்கினார். கருந்துளையின் வாசல்வரை வந்து கதவைச் சாத்தியவர் என்போம். இளைஞர் வாதாடிப் பார்த்தார். 1937இல் அமெரிக்காவின் யெர்க்கீஸ் வானாய்வகம் சேர்ந்தார்; 1939இல் அனைத்தையும் நூலாக எழுதிவைத்துவிட்டு வேறு துறைகளுக்குப் போய்விட்டார்.

பொதுச்சார்பியலை அவர் கையிலெடுத்தது 1960களில், ஐம்பதைக் கடந்த பின். கணிதத்தில் புதிதாகத் தொடங்கும் வயதன்று அது. 1964இல் வெளியான முடிவு ஒருவகையில் பழைய வழக்கின் தொடர்ச்சியே. நியூட்டனின் கணக்கில் உள்ளழுத்தம் விண்மீனைத் தாங்கும் தூண். ஐன்ஸ்டைனின் கணக்கிலோ அழுத்தமும் ஈர்ப்பை உண்டாக்கும், தூணே பாரமாகிறது. எனவே நியூட்டன் வழியில் நிலைத்து நிற்கும் பெருவிண்மீனும் சரியக்கூடும் என்று நிறுவினார்.

பின்னர்க் கருந்துளைகள். அவை அதிர்ந்து அடங்கும் விதத்தை 1970இல் காட்டியவர் பெங்களூர் விஸ்வேஸ்வரா. அவ்வதிர்வெண்களை 1975இல் டெட்வைலருடன் சேர்ந்து சந்திரசேகர் கணக்கிட்டார். 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ கருவிகள் பதிவுசெய்த ஈர்ப்பலையின் இறுதித் துடிப்பு அத்தகைய அடங்கலே.

கருந்துளைகளின் கணிதம் பற்றிய பெருநூலும் நோபல் பரிசும் 1983இல் வந்தன. அதற்கு முந்திய ஆண்டு, எடிங்டனின் நூற்றாண்டையொட்டிக் கேம்பிரிட்ஜில் நினைவுரை ஆற்றியவரும் சந்திரசேகரே. தம் காலத்தின் தலைசிறந்த வானியற்பியலாளர் என்றே அவரைக் குறித்தார்.