மணலும் பங்கும்: பாறசாலை எல்லையின் இருபுறமும்

1956 நவம்பர் 1 அன்று பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே மாநில எல்லை விழுந்தபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அந்தப் பிரிவினையின் மொழிச் சிக்கலைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. பழைய திருவிதாங்கூர் சமஸ்தானம் தனியார் கம்பெனிகளில் வைத்திருந்த பங்குகளைப் பற்றியோ மிகக் குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது.

சி. பி. ராமசாமி அய்யர் திவானாக இருந்த 1936 முதல் 1947 வரையான ஆண்டுகளில்தான் அந்தப் பங்குகளில் பெரும்பகுதி சேர்ந்தது. 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி நொடித்துப் போனதில் சேமிப்பாளர்களின் நம்பிக்கை தளர்ந்திருந்ததால், பெரும் ஆலைகளுக்கு முதல் திரட்ட அரசே பங்குதாரராக முன்வர வேண்டியிருந்தது. சேஷசாயி சகோதரர்கள் முன்னின்ற ஃபாக்ட் உரக் கம்பெனியிலும் (1943), எம். சி. டி. எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய திருவிதாங்கூர் ரயான்ஸிலும், 1946இல் பதிவான திருவிதாங்கூர் டைட்டானியத்திலும் சமஸ்தானம் பணம் போட்டது. ஆயினும் அன்றாட நிர்வாகம் பெரும்பாலும் நிர்வாக முகவர்களிடமே இருந்தது. ஒப்பந்தப்படி ஊதியம் பெற்றுக்கொண்டு பிறர் முதலீட்டில் கம்பெனியை நடத்துவோரே நிர்வாக முகவர்கள். பங்கு அரசிடம், சாவி முகவரிடம் என்ற இந்த ஏற்பாட்டைச் சமதர்மம் என்று கொள்வது பிழை. தனியார் முதலாளியைத் தன் ஊருக்கு வரவழைக்கச் சமஸ்தானம் கொடுத்த விலை என்பதே பொருந்தும்.

இந்தத் தொழில்களுள் எல்லையோடு நெருங்கிய உறவுடையது டைட்டானியத்துக்கு மூலமான கடற்கரை மணல். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். அதிலுள்ள தோரியம் அன்று காஸ் விளக்கின் மேண்டில் செய்யத் தேவைப்பட்டதால், மறு ஆண்டே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. அதே மணலில் கிடைக்கும் கருநிற இல்மனைட்டைக் கந்தக அமிலத்தால் கரைத்து, வெள்ளைப் பெயின்டுக்கு வேண்டிய டைட்டானியம் டை ஆக்சைடாக்கும் ஆலை திருவனந்தபுரத்தை அடுத்த கொச்சுவேளியில் அமைந்தது. எல்லை விழுந்தபின் மணவாளக்குறிச்சி தமிழ்ப் பக்கமும் கொச்சுவேளி கேரளப் பக்கமும் ஆக, இரண்டுக்கும் இடைப்பட்ட சாலையில் பாறசாலை எல்லையூராயிற்று.

அதே 1956இல் நடைமுறைக்கு வந்த கம்பெனிகள் சட்டம், செலுத்தப்பட்ட பங்கு மூலதனத்தில் 51 சதவீதத்துக்குக் குறையாமல் அரசு வைத்திருந்தால் அதை அரசுக் கம்பெனி என வரையறுத்தது. இந்த வரம்பைத் தொட்ட பிறகே பங்கு அதிகாரமாக மாறியது. ஃபாக்ட் 1960இல் பொதுத்துறைக்கு வந்தது. 1962இல் அதன் பெரும் பங்குதாரர் நடுவணரசு. நடுவணரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் கூட்டாக 1950இல் தொடங்கிய இந்தியன் ரேர் எர்த்ஸ் 1963இல் முழுமையாக நடுவணரசின் நிறுவனமாகி, இரண்டாண்டுகளில் சவரா, மணவாளக்குறிச்சி மணல் ஆலைகளையும் தன் கீழ்க் கொண்டுவந்தது. எல்லைக் கல் நகரவில்லை. உடைமை மட்டும் டெல்லிக்குப் போய்விட்டது. இன்று மணவாளக்குறிச்சி மணலுக்காக நிலத்துக்குரிய மாநிலம் பெறும் உரிமைத்தொகை, அதாவது ராயல்டி, தமிழ்நாட்டுக்கும், பங்குக்குரிய ஆதாயமான ஈவுத்தொகை நடுவணரசுக்கும் சேர்கின்றன.