அரசரின் கோயிலும் ஆயரின் கோயிலும்



இலண்டன் மாநகரில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபி என்னும் பழம்பெருங் கோயில் ஒன்றுண்டு. இங்கிலாந்தின் மன்னர்கள் முடிசூடும் இடம் அது. ஆயினும் அந்நகரத்து ஆயருக்கு அதன்மேல் அதிகாரம் இல்லை. 1560ஆம் ஆண்டில் முதலாம் எலிசபெத் அரசியார் வழங்கிய பட்டயத்தின்படி, அக்கோயிலின் தலைமைக் குரு நேரே முடியரசுக்கே பொறுப்புடையவர்.

இதனைத் தொலைநாட்டு விந்தையென்று தள்ளிவிடலாகாது. ஆயர் இருந்தும், அவரைத் தெரிந்து முன்மொழியும் உரிமை ஓர் அயல்நாட்டு அரசரிடம் இருந்த கோயில்கள் நம் தென்னாட்டிலும் இருந்தன.

பாப்பரசர் போர்த்துக்கல் மன்னருக்கு அளித்திருந்த அவ்வுரிமைக்குப் 'பத்ரோவாதோ' என்று பெயர். கீழ்நாடுகளில் கோயில் எழுப்புவதும் குருமாரைப் பேணுவதும் மன்னரின் கடமை. ஆயரை முன்மொழிவது அவருடைய உரிமை. கொச்சி மறைமாவட்டமும், 1606இல் அமைந்த மயிலாப்பூர் மறைமாவட்டமும் இவ்வேற்பாட்டின்கீழ் வந்தவை.

மன்னரின் கை தளர்ந்தபோது தொல்லை பிறந்தது. 1658இல் நாகப்பட்டினமும் 1663இல் கொச்சியும் ஒல்லாந்தர் வசமாயின. கடமையை நிறைவேற்றும் வலிமை குன்றியது; உரிமையை விடவோ மனமில்லை. உரோமாபுரி 1622இல் நிறுவிய மறைபரப்புச் சபை தன் குருமாரை அனுப்பலாயிற்று. 1838இல் பாப்பரசர் கொச்சி, மயிலாப்பூர் ஆயர்களின் ஆட்சியுரிமையை நீக்கி ஆணையிட்டார். பலர் அதனை ஏற்க மறுத்தனர். வேதமும் பூசையும் ஒன்றாயிருந்தும், ஒரே ஊரில் இரு கோயில்கள் இரு தலைமைகளின்கீழ் நின்ற துயரத்தைச் சென்னையும் திருச்சிராப்பள்ளியும் கண்டன. 1886இல் ஏற்பட்ட உடன்படிக்கை அவ்விரு மறைமாவட்டங்களையும் மன்னரின் உரிமையோடு மீண்டும் நிலைநாட்டியது.

திருவிதாங்கூரின் தென்பகுதியிலும் இப்பிரிவின் சுவடு உண்டு. நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூருக்குக் கடல் வெகுதொலைவில் இல்லை. கடலோர மீனவர் ஊர்கள் பல கொச்சி ஆயரைச் சார்ந்திருக்க, உள்நாட்டு ஊர்கள் கொல்லத்து ஆயரைச் சார்ந்திருந்தன. சில கல் தொலைவிலேயே தலைமை மாறியது.

1910இல் போர்த்துக்கல்லில் முடியாட்சி வீழ்ந்தது. மன்னர் போனார், மன்னரின் உரிமை மட்டும் போகவில்லை! குடியரசு அதனைக் கைக்கொண்டு, 1950ஆம் ஆண்டு உடன்படிக்கையில்தான் இந்திய மண்ணில் அதனைக் கைவிட்டது. 1952இல் சென்னையும் மயிலாப்பூரும் ஒன்றாயின. 1955இல் கொச்சியின் தென்கடலோரப் பங்குகள், 1937இல் தோன்றிய திருவனந்தபுரம் மறைமாவட்டத்தோடு சேர்ந்தன.

எல்லைகள் அதன்பின்னும் மாறின. 1956இல் கல்குளமும் விளவங்கோடும் தமிழகத்தோடு இணைய, பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. 1996இல் நெய்யாற்றின்கரையே தனி மறைமாவட்டம் ஆயிற்று.

அரசர் தந்த ஆதரவினால் கோயில்கள் எழுந்தன. அதனை யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால் ஆதரவு உரிமையாகி, உரிமை வழக்காகியபோது, அதன் சுமையைத் தாங்கியவர்கள் கோயிலுக்குச் சென்ற எளிய மக்களே. பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இது விளங்காத செய்தியன்று. எல்லைக்கோட்டை யாரோ வரைகின்றனர். அதன் இருபுறமும் நின்று வாழ்பவர்கள் மக்களே அல்லரோ?