சுருளைத் தவறவிட்ட யாத்திரிகன்

மீட்புப் பெற்ற ஒருவன், தான் அதனைப் பெற்றுவிட்டதை உறுதியாக அறிதல் கூடுமா? கிறிஸ்தவ சமய வரலாற்றில் இவ்வினா எழுப்பிய பூசல் சிறிதன்று. 1547ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கப் பேரவை, இறைவனிடமிருந்து தனி வெளிப்பாடு பெற்றாலன்றி எவரும் தாம் இறுதிவரை நிலைத்து நிற்போம் என்று ஐயமறக் கூறலாகாது என விதித்தது. மறுபுறத்தே நின்ற கால்வினோ, விசுவாசம் என்பதே இறைவன் நம்பால் கொண்ட அன்பைப் பற்றிய உறுதியான அறிவு என்றார். ஒரு சாரார் இறுமாப்புக்கு அஞ்சினர். மற்றொரு சாரார் தீராத அச்சத்துக்கு அஞ்சினர். இரண்டு அச்சங்களும் பொருளற்றவை அல்ல என்பதே நம் கருத்து.

ஆயினும், பேரவைகளின் தீர்ப்புகளைக் காட்டிலும் ஒரு தனி மனிதனின் நெஞ்சம் இவ்வினாவை நமக்கு நன்கு விளக்கும். அவர் பெயர் ஜான் பனியன். இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628ஆம் ஆண்டு பிறந்தவர். ஊர் ஊராகச் சென்று ஓட்டைப் பாத்திரங்களைப் பழுதுபார்ப்பது அவர் குலத்தொழில். அந்நாளைய இங்கிலாந்தின் தூய்மை நெறியாளர்களிடையே, 'நான் தெரிந்துகொள்ளப்பட்டவர்களுள் ஒருவனா?' என்ற வினா ஒவ்வொருவர் நெஞ்சையும் குடைந்துகொண்டிருந்தது. மெய் விசுவாசி கூட அந்த நிச்சயத்தை அடையுமுன் நெடுங்காலம் காத்திருந்து போராட நேரலாம் என்று 1646இல் வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம் வகுத்த அறிக்கையே ஒப்புக்கொண்டது. கால்வின் விசுவாசத்தோடு ஒன்றெனக் கண்டதை, அவர் வழி வந்தோரே வேறாகப் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று.

பனியன் 1666இல் சிறையிலிருந்தபடியே தம் ஆன்மிக வரலாற்றை எழுதி வெளியிட்டார். அந்நூலைப் படிப்போர் உள்ளம் நடுங்கும். 'கிறிஸ்துவை விற்றுவிடு' என்று ஒரு குரல் இரவும் பகலும் அவர் நெஞ்சுக்குள் ஒலித்ததாம். உண்ணும்போதும் உறங்கும்போதும் 'மாட்டேன், மாட்டேன்' என்று மறுத்து மறுத்துச் சோர்ந்து, ஒரு நாள் காலையில் படுக்கையில் கிடந்தபடியே, 'போனால் போகட்டும்' என்று உள்ளம் இசைந்துவிட்டதாக உணர்ந்தார். அவ்வளவே! ஒரு வேளைக் கூழுக்காகத் தன் பிறப்புரிமையை விற்ற ஏசாவின் கதை அவரைப் பற்றிக்கொண்டது. கண்ணீரோடு தேடியும் ஏசா மனமாற்றத்துக்கு இடம் காணவில்லை என்னும் எபிரெய நிருப வாசகத்தைத் தம் மீதே எழுதப்பட்ட தீர்ப்பாகக் கொண்டார். வேதத்தின் ஒரு வாக்கு அவரைத் தூக்கும். மற்றொரு வாக்கு வீழ்த்தும். துலாக்கோல் ஆடுவது போல அவர் உள்ளம் நெடுநாள் ஆடியது.

இச்சோதனைக்கு முன்னரே அவர் கைக்குக் கிட்டியிருந்தது, லூத்தர் கலாத்தியர் நிருபத்துக்கு எழுதிய விரிவுரையின் பழம்படி ஒன்று. தொட்டால் ஏடுகள் உதிரும் நிலையில் இருந்த அந்நூலில் தம் நிலையே எழுதப்பட்டிருக்கக் கண்டு வியந்தார். பின்னர் ஒரு நாள் வயல்வெளியில் நடந்து செல்கையில், தம்முடைய நீதி தம் நெஞ்சில் அன்று, விண்ணுலகில் இருக்கிறது என்ற எண்ணம் எழுந்தது. கிறிஸ்துவே அந்த நீதி. ஆகவே தம் மனநிலை நன்றாயிருப்பதால் அது கூடுவதுமில்லை, கெட்டிருப்பதால் குறைவதுமில்லை. கால்களிலிருந்த தளைகள் கழன்றன என்று எழுதுகிறார். நிச்சயத்தைத் தம்முள்ளே தேடிய வரையில் அது அவருக்குக் கிட்டவில்லை என்பதை நாம் கருத்தில் இருத்துதல் வேண்டும்.

அரசின் இசைவின்றிச் சமய உரையாற்றிய குற்றத்துக்காக 1660 முதல் 1672 வரை பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கழித்தார் அவர். 1678இல் வெளிவந்த அவருடைய 'மோட்ச பிரயாணம்' தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களில் நன்கு அறியப்பட்டது. அதில் யாத்திரிகனின் பாவச்சுமை சிலுவையின் அடியில் உருண்டு விழுகிறது. ஒளி பொருந்திய மூவர் தோன்ற, ஒருவர் முத்திரையிட்ட சுருள் ஒன்றை அவன் கையில் தருகிறார். வான்நகரின் வாயிலில் காட்ட வேண்டிய சுருள் அது. அவன் உள்ளத்துக்குரிய நிச்சயமும் அதுவே. மலையேறும் வழியில் ஒரு நிழற்பந்தலில் உறங்கிப்போகிறான். சுருள் நழுவி விழுகிறது. அறியாமல் நெடுந்தொலைவு போனவன், மடியைத் தடவிப் பார்த்து, அது இல்லாமை கண்டு, அழுதுகொண்டே வந்த வழியே திரும்பி நடக்கிறான். ஊர்விட்டு ஊர் செல்லும் இரயிலில் பயணச்சீட்டை நாழிகைக்கொரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்ளும் நம்மவர்க்கு அவன் பதைப்பு எளிதில் விளங்கும். இங்குப் பனியன் செய்துள்ள நுட்பம் ஒன்றுண்டு. சுருள் தொலைந்தது, சுமையோ திரும்பி வந்து முதுகில் ஏறவில்லை. நிச்சயத்தை இழந்தவன் மீட்பை இழந்தவன் அல்லன் என்பதைக் கதைப்போக்கிலேயே உணர்த்திவிடுகிறார்.

கதையின் இறுதி இன்னும் கூர்மையானது. பாலமில்லாத ஆற்றைக் கடக்கும்போது, இத்தனை இடர்களையும் வென்று வந்த யாத்திரிகன் அஞ்சுகிறான், மூழ்குகிறான், தான் கரையேறப் போவதில்லை என்று அரற்றுகிறான். தோழன் நம்பிக்கை என்பான் அவன் தலையை நீருக்குமேல் தாங்கிப் பிடிக்க, ஒருவாறு அக்கரை சேர்கிறான். அவர்களுக்குப் பின்னே வருகிறான் அறியாமை என்னும் பெயருடையவன். வழி நெடுகிலும் ஐயம் என்பதையே அறியாதவன். 'என் நெஞ்சமே எனக்குச் சான்று' என்னும் போக்கினன். வீண்நம்பிக்கை என்னும் ஓடக்காரன் அவனை எளிதாக அக்கரை சேர்க்கிறான். வாயிலில் சுருள் எங்கே என்று கேட்கிறார்கள், மடியில் துழாவுகிறான், ஒன்றுமில்லை. வான்நகரின் வாயிலிலிருந்தும் நரகுக்கு ஒரு வழி உண்டு என்று காட்டிக் கனவு முடிகிறது. ஐயுற்று நடுங்கியவன் உள்ளே சென்றான். ஐயமே இல்லாதவன் வெளியே தள்ளப்பட்டான். திரெந்துப் பேரவை இறுமாப்பைக் குறித்துக் கொண்ட அச்சத்தை, அதன் எதிரணியைச் சேர்ந்த இந்தப் பாத்திரக்காரரும் தம் வழியில் கொண்டிருந்தார் எனலாம்.

பனியனுக்குப் பின்னும் இவ்வினா அடங்கவில்லை. 1738 மே 24ஆம் நாள் இலண்டனில் ஒரு சிறு கூட்டத்தில், லூத்தர் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரை படிக்கப்படக் கேட்டு ஜான் வெஸ்லி உள்ளம் அனல் கொண்டார். நிச்சயத்தை எல்லார்க்கும் உரிய பேறாக முழங்கினார். அவரே 1766இல் தம் தம்பிக்கு எழுதிய கடிதத்தில், தாம் இறைவனை நேசித்ததே இல்லை என்று மனம் கசந்து எழுதினார். கவிஞர் வில்லியம் கூப்பரின் கதை அதனினும் துயரமானது. 1779இல் வெளிவந்த ஓல்னி ஞானப்பாட்டுத் தொகுதிக்கு அறுபதுக்கும் மேற்பட்ட பாடல்களைத் தந்தவர் அவர். 1773இல் மனநோயுற்று, தாம் தள்ளுண்டவர் என்று நம்பத் தொடங்கியவர், 1800இல் இறக்கும் வரை அவ்வெண்ணத்திலிருந்து முற்றும் மீளவே இல்லை. அவர் பாடல்களால் எத்தனையோ பேர் ஆறுதல் பெற்றனர்; அவர் பெறவில்லை. இத்தகையோரிடம் நிச்சயமின்மையை விசுவாசக் குறைவென்று சாடுவது கொடுமை என்றே நாம் கருதுகிறோம்.

பனியனின் கதை தமிழில் பெருங்காப்பியமான வரலாறு தமிழன்பர் அறிந்ததே. 1827இல் திருநெல்வேலிச் சீமையின் கரையிருப்பில் வைணவக் குடியில் பிறந்து, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' வெளியிட்டார். காக்கப்படுவோன் குரங்குக் குட்டிபோலத் தானும் பற்றிக்கொள்ள வேண்டுமா, பூனைக்குட்டிபோலத் தாயின் வாயில் கிடந்தால் போதுமா என்று வடகலையாரும் தென்கலையாரும் நெடுங்காலம் வழக்காடிய மண்ணில் வைணவராய் வளர்ந்தவர் அவர். கிறிஸ்தவ அருட்கொள்கையோடு வைணவ அருட்கொள்கையை ஒப்பிட்டு நூல் செய்த செருமானிய அறிஞர் ருடால்ஃப் ஆட்டோவும் இவ்வழக்கை எடுத்துக்கொண்டார்.

கிருஷ்ணபிள்ளை பனியனை அப்படியே பெயர்த்தவர் அல்லர். மூலநூலில் யாத்திரிகன் சிலுவையைக் கண்டு கடந்துவிடுகிறான். கிறிஸ்துவின் பாடுகள் அங்கே விரித்துரைக்கப்படவில்லை. கம்பனில் தோய்ந்த நம் கவிஞரோ இரட்சணிய சரிதப் படலத்தில் அப்பாடுகளைக் கல்லும் கரையப் பாடி, காப்பியத்தின் நெஞ்சாகவே வைத்துவிடுகிறார். பனியனுக்கு வயல்வெளியில் தோன்றிய எண்ணம் இங்கே ஒரு படலமாக விரிந்துவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. அதோடு அமையாது, கதையின் இடையிடையே தேவாரம் என்ற பெயரால் இசைப்பாடல்களையும் அமைத்தார். பனியனின் தன்வரலாற்றில் ஓயாது ஒலிப்பது 'நான் எந்நிலையில் இருக்கிறேன்?' என்ற ஆய்வு. தேவாரத்தில் அடியவன் தன்னைத் தானே வினவிக்கொண்டிருப்பதை விட்டு, முன்னிலையில் இறைவனை விளித்து, தன் சிறுமையைச் சொல்லி, அவன் திருவருளையே வேண்டி நிற்கிறான்.