கசிந்த பெயரும் மறைந்த கேள்வியும்

கசியும் செய்திகளால் வாழும் தொழில் என்னுடையது. ஆயினும் ஒரு கசிவு இன்னமும் என்னை உறுத்துகின்றது.

ஈராக் ஆபிரிக்காவில் யுரேனியம் வாங்க முயன்றதெனப் போருக்குக் கூறப்பட்ட காரணத்தை, 2003 ஜூலை 6 ஆம் திகதி நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் முன்னாள் தூதுவர் ஜோசப் வில்சன் கேள்விக்குள்ளாக்கினார். எட்டு நாட்களில், அவரது மனைவி வலரி பிளேம் சி.ஐ.ஏ. உத்தியோகத்தர் என்பதைப் பத்தியாளர் ரொபர்ட் நோவாக் பகிரங்கப்படுத்தினார்.

கசியவிட்டமைக்காக எவர் மீதும் வழக்கில்லை. உப ஜனாதிபதி டிக் செனியின் அலுவலகத் தலைமை அதிகாரி லூயிஸ் லிபி, பொய்ச்சாட்சியம் முதலான குற்றங்களுக்காக 2007 இல் குற்றவாளியாகக் காணப்பட்டு, 2018 இல் மன்னிப்பும் பெற்றார். நோவாக்கிடம் முதலில் கூறியவர் இராஜாங்கத் திணைக்களத்தின் ரிச்சர்ட் ஆர்மிடேஜ் என 2006 இல் தெரியவந்தபோதே விவகாரம் முடிந்ததென்றோர் பலர்.

எனக்கு அது முடியவில்லை. யார் சொன்னார் என்பதற்கு விடை கிடைத்தது. போருக்குச் சொன்ன காரணத்துக்காக எவரும் கூண்டில் ஏறவில்லை.