தோம்பு
காணிப் பதிவேடு. போர்த்துக்கேயரின் 'டொம்போ' இலங்கைத் தமிழில் இப்படியானது. லிஸ்பன் தேசியச் சுவடிக்காப்பகத்தின் பெயர் இன்றும் 'டோரே டோ டொம்போ'தான். ஒல்லாந்தர் காலத்தில் தலைத் தோம்பு, காணித் தோம்பு என்று இரண்டு: முன்னதில் குடும்பத்து ஆட்கள், பின்னதில் அவர்களுடைய நிலபுலம்.

கிழக்கிலங்கையின் கல்முனைப் பக்கம் இன்று அதிகம் புழங்கும் சொல் காணிப் பத்திரத்தைக் குறிக்கும் 'உறுதி'. அந்த உறுதிகளைப் பதியக் காணிப் பதிவகத்தில் காணிக்கொரு பக்கம்; விற்பனை, நன்கொடை, ஈடு எல்லாம் அதில் வரிசையாக ஏறும். பக்கம் நிறைந்தால் எண் குறித்து வேறு பாகத்துக்குத் தொடரும். இந்த ஏடுகளை இணையத்துக்கும் கைபேசிக்கும் ஏற்றும்போது வெறும் படம் போதாது, தொடர் எண்ணும் கூடவே போக வேண்டும். மகளுக்கு வீடுவளவைச் சீதனமாக எழுதும் இக்கரையில் அந்தத் தொடர் அறுந்தால், உம்மாவிடமிருந்து காணி வந்த வழியைக் காட்ட முடியாது.